திட்டத்தில் நான் எழுதாத கிணறு

பேய், சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுச் சிரிக்கலாம், பரவாயில்லை.

செல்போன் எல்லோர் கைக்கும் வராத காலம். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் கம்பெனி ஒரு அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தது. எந்த வேலை எந்த நாளில், யார் பொறுப்பு என்று கம்ப்யூட்டரில் போட்டுத் திங்கட்கிழமைதோறும் பிரிண்ட் எடுத்துத் தருவது என் வேலை. அதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார்கள், பழங்காநத்தம் ஆபீஸில் அதைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஒரு திங்கட்கிழமை பிரிண்டில் நான் அடிக்காத வரி ஒன்று இருந்தது. 'கிணறு மூடுதல். வியாழன். பொறுப்பு: செல்லப்பாண்டி.' செல்லப்பாண்டி எங்கள் கொத்தனார். அந்த இடத்தில் கிணறே கிடையாது. கைப்பிழை என்று அழித்தேன். மறுநாள் திறந்தால் அதே வரி. மறுபடி அழித்தேன், நம்பினால் நம்புங்கள், புதன்கிழமையும் வந்து உட்கார்ந்திருந்தது.

சைட்டுக்குப் போய் செல்லப்பாண்டியிடமே கேட்டேன்.

"அண்ணே, இங்க எங்கயாச்சும் கிணறு இருந்துச்சா?"

"கிணறா? கல்லுக்காடு சார் இது. இங்க ஏது தண்ணி?" என்று சிரித்தார்.

நாளைக்கு வராதீர்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆட்கள் முன்னால் கேலியாகிவிடுமே என்று விழுங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மனசு கேட்காமல் வியாழனன்றும் சைட்டுக்குப் போனேன். நான் போய் இறங்கிய பதினோரு மணிக்கு, வடக்கு மூலையில் தூணுக்குத் தோண்டிய குழி அப்படியே உள்வாங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால் வட்டமாகக் கல்கட்டிய பழைய கிணறு, எந்தக் காலத்திலோ பலகைக்கல் பரப்பி மண்ணைப் போட்டு மறைத்திருக்கிறார்கள், அடியில் கறுப்பாகத் தண்ணீர். அந்தக் குழிக்குள் அன்று இறங்க வேண்டியவர் செல்லப்பாண்டி. ஆள் எங்கே என்று கத்தினேன். இன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்றார்கள்.

சாயங்காலம் அவரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"காலைல நீங்க மட்டும் எங்க பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லலைன்னா, என் பிள்ளைக அநாதை சார்."

நான் போன் செய்யவே இல்லை. அந்தக் கடை நம்பர்கூட எனக்குத் தெரியாது.

"என் குரல்தானாண்ணே?"

"உங்க குரலேதான் சார். என்ன, ஆழத்துல நின்னு பேசுற மாதிரி எதிரொலிச்சுச்சு. 'அண்ணே, நீங்க வராதீக, உங்களுக்குப் பதிலா நான் எறங்கிக்கிறேன்'னு ரெண்டு தடவ சொன்னீக."

வருஷங்கள் ஓடிவிட்டன. அப்படி ஒரு வாக்கை நான் கொடுக்கவில்லை. ஆனால் கொடுத்தது என் குரல்.