விரதக்காரி வைத்த சாம்பார்

ஆறுமுகத்தாயிடம், "இன்னும் எந்தச் சாமிளா பாக்கி?" என்று நான் கேட்காத நாளில்லை. திங்கள் என்றால் சிவனுக்கு விரதம், செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. புதன்கிழமைக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் ஒரு சாமியைச் சொல்வாள்.

பம்பாய் தாராவியில் பூலோகம் அண்ணாச்சி இட்லி போட்டு, தெருவில் விற்கிற வியாபாரிகளுக்குக் கொடுக்கிறார். அங்கே மாவு என் பொறுப்பு. சாம்பாரும் சட்னியும் அவள் பொறுப்பு. சாம்பார் கொதித்ததும் கரண்டியை என் உள்ளங்கையில் சாய்ப்பாள்.

"ஏளா செல்வி, நான் விரதம்லா. நீ பாத்துச் சொல்லு."

நல்லாருக்கு என்றால் விடமாட்டாள். உப்பு தூக்கலா, புளி தூக்கலா, காரம் நாக்கிலா தொண்டையிலா என்று போலீஸ்காரி மாதிரி விசாரிப்பாள். அப்படி விசாரித்த விரதக்காரி, வியாபாரிகள் போனதும் தட்டு நிறைய இட்லியோடு உட்காருவாள். கேட்டால், அடுப்பை அணைத்ததும் விரதம் முடிந்தது என்பாள். எந்த ஊர் விரதம் இது? அடுத்த வீட்டுச் சங்கதி தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவள் சங்கதி மட்டும் பிடிபடவே இல்லை.

ஒருநாள் மீந்த சட்னியை வாயில் வைத்ததும் துப்பினேன். ஊசிப்போயிருந்தது. அதே சட்னியை அவள் வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பசி ருசி அறியாதுளா" என்று எழுந்து போனாள்.

போன ஆவணியில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிரோடு திரும்பவில்லை.

பிறகு வந்த ஆட்கள் வைத்த சாம்பாரில் வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இப்படியே போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று அண்ணாச்சி கரண்டியை என்னிடம் நீட்டினார். எனக்கு மாவுதானே தெரியும்? மசாலா பக்குவம் கேட்டு அவள் வீட்டுக்காரர் கணேசபாண்டியனிடம் போனேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஒனக்குத் தெரியாதாம்மா? கொரோனா வந்து போனதுலேருந்து அவளுக்கு மணமும் கிடையாது, ருசியும் கிடையாது. தெரிஞ்சா வேலை போயிரும்னு பயந்து கிடந்தா. 'செல்வி நாக்கு இருக்குல்லா, அது போதும்'னு சொல்லுவா."

முதலில் கோபம்தான் வந்தது. நாலு வருஷமாக என்னிடமா மறைத்தாள்? என்னிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் தாராவி முழுக்கத் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன! சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பிலேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் நானே சாம்பார் வைத்தேன். உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு அவள் கேட்கிற கேள்வியையெல்லாம் நானே கேட்டேன். புளி தூக்கல். துளி வெல்லம் போட்டேன். உப்பு இன்னும் ஒரு கல். மறுபடி நக்கிப் பார்த்தபோது அவள் சாம்பார் என் நாக்கில் இருந்தது.

அண்ணாச்சி ஒரு வாய் குடித்துவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். ஆறுமுகத்தாய் ருசியல்லவா இது, எப்படி வந்தது என்று கேட்டார்.

"அவதான் பழக்கிவிட்டா, அண்ணாச்சி."

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேனே என்றால், அண்ணாச்சி பம்பாயில் பிறந்தவர், தமிழ் வாசிக்க வராது. அவரைப் பொறுத்தவரை அவள் நாலு வருஷமும் விரதம் இருந்தவள்தான்.