மைக் செட் ஒயரும் கொதிக்கும் தண்ணீரும்

சாஜிதா அரிசி ஆலை நடத்துவாள் என்று திருவிடைமருதூர்ப் பக்கம் யாரும் நினைத்ததில்லை. கணவர் யூனுஸ் சவூதியின் தமாமில் லாரி ஓட்டிச் சேர்த்ததை வைத்து 2003-இல் பழைய ஆலையொன்றை வாங்கினார்கள். அவர் அங்கே, ஆலை இங்கே. நெல் வியாபாரியிடம் பேரம் பேசவும், பாய்லர்காரரை விரட்டி வேலை வாங்கவும் அவள் இரண்டே போகத்தில் பழகிவிட்டாள். கத்திவிட்டு, அதே மூச்சில் டீயும் சொல்வாள்.

அடுத்த வருடம் யூனுஸ் ஊரோடு வந்துவிடுவதாகப் பேச்சு. ஆலை ஒழுங்காக ஓடினால்தான். இல்லையென்றால் இன்னொரு ஒப்பந்தம், இன்னும் இரண்டு வருடம்.

அந்த நேரம் பார்த்துக் குறுவை நெல் காய மறுத்தது. அவித்த நெல்லை உலர்த்தும் டிரையரில் சூடு போதும் என்றது மீட்டர். கடித்துப் பார்த்தால் நெல் நறுக்கென்று உடையாமல் நசுங்கியது. அரிசி வாடையடிக்கிறது என்று கும்பகோணம் வியாபாரி இரண்டு லோடைத் திருப்பிவிட்டார். இன்னொன்று திரும்பினால் அவர் வேறு ஆலையைப் பார்த்துக்கொள்வார்.

"சூடு பாக்குற சென்சார் டூப்ளிகேட்டுக்கா. வேற வாங்கிடுங்க" என்றான் வயர்மேன் துரைராசு.

"நீ கை வைக்கிற வரைக்கும் நல்லாத்தானடா காட்டுச்சு?"

"உமித்தூசியில நிக்க முடியல, மீட்டர ஆபீஸ் ரூமுக்கு மாத்துன்னு நீங்கதானக்கா சொன்னீங்க!"

சொன்னது அவள்தான். சென்சாரைக் கழற்றச் சொல்லி, கொதிக்கிற தண்ணீரில் விட்டாள். ஆபீஸ் ரூமுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் மீட்டரில் நூற்று இருபத்திரண்டு டிகிரி.

"பாய் வீட்டுத் தண்ணி மட்டும் தனிக் கொதியா கொதிக்குது" என்று துரைராசு சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மீட்டரையே கழற்றி எடுத்துப்போய், டிரையர் பக்கத்தில் முழ நீள ஒயரில் மாட்டச் சொன்னாள். நூறை ஒட்டி நின்றது. சென்சாரும் சரி, மீட்டரும் சரி. நடுவில் கிடந்தது நீள ஒயர் மட்டும்.

அது திருவிழாவுக்கு இழுக்கிற மைக் செட் ஒயர். அந்தப் பக்கத்தில் எதற்கு ஒயர் குறைந்தாலும் அந்தச் சுருளைத்தான் அவிழ்ப்பார்கள். மீட்டர் விற்ற திருச்சிக் கடைக்காரர் போனில் விளக்கினார்: சூடு ஏற ஏற சென்சாரில் மின்தடை கூடும், அதைத்தான் மீட்டர் சூடாகப் படிக்கிறது. ஒல்லி ஒயர் நீளமாகப் போனால் அதன் தடையும் சேர்ந்து, இல்லாத சூடு தெரியும். ஒயரின் தடையைக் கழிக்கத்தான் சென்சாருக்கு மூன்றாவது கம்பி.

"மூணாவத என்னடா பண்ணுன?"

"ரெட்டை ஒயர்தானேக்கா இருந்துச்சு... மூணாவத வெட்டிட்டு, மீட்டர்ல ஒரு துண்டு ஒயரப் போட்டு இணைச்சுட்டேன்."

மூன்று கம்பியும் ஒரே கனத்தில், ஒரே நீளத்தில் போகிற கேபிளை இழுத்தார்கள். தண்ணீர் மறுபடி நூறில் கொதித்தது. அடுத்த நெல் பல்லில் நறுக்கென்றது. வியாபாரி லோடை முகர்ந்து பார்த்துவிட்டு லாரியில் ஏற்றச் சொன்னார்.

லாரி தெருமுனை திரும்புவதற்குள் சாஜிதா தமாமுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"நாளைக்குப் போடணும். ஏன்?"

"போடாதீங்க. டிக்கெட்டப் பாருங்க."

"நெல்லு காஞ்சிருச்சா?" என்றார் யூனுஸ்.

"காஞ்சிருச்சுங்க" என்றபடி அவள் நெல் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தாள்.