காற்றுப் பெட்டியின் முகத்தகடு

சாயங்காலம் சேலத்திலிருந்து ஜீப் வரும். அதற்குள் எதையாவது சொல்லித் தம்பியை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அஸ்கரி பேகத்துக்கு அன்று தெரிந்தது அவ்வளவுதான். ஏற்றிக்கொண்டு போனால் எங்கே வைப்பார்கள், எப்போது விடுவார்கள் என்று ஸ்டேஷனில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. 1971 டிசம்பர், போர் நடந்துகொண்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டரின் மேஜையில் மூன்று மரப்பெட்டிகள், அவற்றிலிருந்து தொங்கும் வயர்கள். கீழே சுவரோரம் குந்தியிருந்தான் தம்பி அப்துல் சுபான்.

அஸ்கரிக்கு அப்போது முப்பத்து நாலு வயது. கட்டிக்கொடுத்த வருடமே நல்லம்பள்ளிக்குத் திரும்பி வந்தவள். ஏன் என்று கேட்டால் "ஒத்து வரல" என்பாள், அதற்கு மேல் ஒரு சொல் பெயராது. தர்மபுரியில் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் வேலை. சின்ன உளியைச் சுத்தியலால் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக எழுத்தை இறக்குவாள். சுற்று வட்டாரத்தில் கல்யாணச் சீராகப் போன பாதிப் பாத்திரங்களில் அவள் கையெழுத்துதான் இருந்தது.

சுபானுக்கு ரேடியோ ரிப்பேர் வேலை. நாடகக்காரர்கள் கேட்டதால் சத்தப் பெட்டிகள் செய்ய ஆரம்பித்தான். காற்றுக்கு ஒன்று, இடிக்கு ஒன்று, சீழ்க்கைக்கு ஒன்று. தனித்தனியாக இருந்தால் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம். காற்றையும் இடியையும் வயரால் கோத்தால் புயல். காற்றையும் சீழ்க்கையையும் கோத்தால் ரயில். வெளிநாட்டில் ஒரு வானொலி நிலையத்தில், சுவர் முழுக்கத் துளைகளும் வயர்களுமாக நின்ற சத்த யந்திரம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். யோசனை ஒன்றுதான், இவை சின்னவை.

முதலில் அவன் குமிழ்களைப் பலகையில்தான் பொருத்தியிருந்தான். கை கிட்டே போனாலே பெட்டி உர்ரென்று உறுமும். எது எந்தக் குமிழ் என்றும் தெரியாது. ஒருமுறை நாடகத்தில் ராணி தோழியிடம் ரகசியம் சொல்லும் இடத்தில் இடி விழுந்தது. "முகம் இல்லாத பெட்டிய என்னன்னு திருப்புவ?" என்று சொல்லி அந்த வேலையை அஸ்கரி எடுத்துக்கொண்டாள். பழைய பித்தளைத் தட்டை விளிம்பு நீக்கி, மரச்சுத்தியலால் தட்டையாக்கி, கை டிரில்லில் துளை போட்டு அரத்தால் ராவினாள். குமிழைச் சுற்றிப் புள்ளிகளால் அரைவட்டம், மேலே 'காற்று' என்று பெயர். பித்தளை முகம் வந்த பிறகு உறுமலும் நின்றது.

பெட்டியை ஓட்டிப் பார்க்கும்போது தெருவிலிருந்த மற்ற ரேடியோக்களில் ஒரு கீச்சுச் சத்தம் வரும். சும்மா நாளில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. போர்ச் செய்தி வாசிக்கும் நேரத்தில் வந்தபோது, எதிரிக்குச் சேதி அனுப்புகிறான் என்று யாரோ ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள்.

"ரேடியோ கேக்கவே தபால் ஆபீசுல லைசென்சு வேணும். இதுக்கு எங்க லைசென்சு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இது ரேடியோ இல்லீங்க. காத்துச் சத்தம் வர்ற பெட்டிங்க. ஒருதரம் போட்டுக் காட்டினா உங்களுக்கே தெரியும்" என்றாள் அஸ்கரி.

"போடறதா? போட்டா சேதி போயிடும். கைய வெக்காத."

போட்டுக் காட்டாமல் நிரூபிக்க வழியில்லை, போடவும் விடமாட்டார்கள். கான்ஸ்டபிள் முனிராஜ் காற்றுப் பெட்டியின் திருகுகளைக் கழற்றினார். முகத்தகடு கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தவர் அதை அப்படியே மேஜைக்கு நீட்டினார். பின்பக்கம் புள்ளி எழுத்துகள்: பச்சியப்பன் மகள் செல்லி 64.

"யாரு இந்தச் செல்லி?" சப்-இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியது. "அறுபத்து நாலு எந்த ரேடியோ ஸ்டேசன் நம்பரு?"

"அது வருசமுங்க. சீர்த்தட்டு. நாந்தான் வெட்டுனேன்."

செல்லியின் புருசன் இண்டூர் சென்னப்பன் ரேடியோ ரிப்பேர்க் கூலிக்குப் பதிலாகச் சுபானிடம் கொடுத்த தட்டு அது. மழை பொய்த்த வருடம். சீர்த்தட்டு கைமாறுவது அப்போது புதிதல்ல. தான் வெட்டிய பெயரின் மேல் துளை போட அஸ்கரிக்கு மனசு வரவில்லை. அதனால்தான் காற்றுப் பெட்டியின் குமிழ்கள் ஒரே வரிசையில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கி நின்றன.

"சென்னப்பண்ணனக் கேளுங்க, சொல்லுவாரு" என்றாள் தைரியமாக.

முனிராஜ் இண்டூருக்குப் போனார். பெயர் செல்லியுடையது என்பதால் புருசன் பெண்டாட்டி இருவரையும் அழைத்துவந்தார். அவர்கள் வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. தகடு மேஜையில் 'காற்று' என்ற பக்கம் மேலே தெரியக் கிடந்தது.

"இவனத் தெரியுமா?"

சென்னப்பன் சுபானைப் பார்த்தான். பிறகு தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் நின்ற செல்லியைப் பார்த்தான். "தெரியாதுங்க."

சுபான் எழுந்துவிட்டான். "அண்ணே! உங்க வூட்டு ரேடியோவுக்கு வால்வு மாத்துனேனே!"

"எங்கூட்டு ரேடியோ கெட்டதே இல்லீங்களே."

"தட்டு குடுத்தியா இவனுக்கு?"

"தட்டா? எந்தத் தட்டுங்க?"

சப்-இன்ஸ்பெக்டர் எழுத ஆரம்பித்தார். அஸ்கரி கொடுத்த ஒரே சாட்சி, அதுவும் இப்போது தம்பிக்கு எதிராகத் திரும்பிவிட்டது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஜீப்பின் கதவை யாரோ அறைந்து சாத்தினார்கள்.

"ஆபா" என்றான் சுபான். அக்காவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

போலீசுக்குப் பயந்த ஆள் போலீசைப் பார்ப்பான். சென்னப்பன் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் பெண்டாட்டியைப் பார்த்தான். அஸ்கரி அதைக் கவனித்துவிட்டாள். சப்-இன்ஸ்பெக்டர் "ஏம்மா, ஏம்மா" என்று கத்துவதற்குள் தகட்டை எடுத்து, திருப்பி, செல்லியின் கையில் வைத்துவிட்டாள்.

செல்லிக்குப் படிக்கத் தெரியாது. விரலால் புள்ளிகளைத் தடவினாள். மூலையிலிருந்த ஒரு நெளிசலில் விரல் நின்றது.

"இது எங்கப்பன் குடுத்த தட்டு."

"யோவ். மாரியம்மன் பண்டிகையில காணாமப் போச்சுன்னியே?"

"செல்லி, வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்."

"வூட்டுக்குப் போயி என்ன பேசறது? உந்தங்கச்சி எடுத்துட்டான்னு நெனச்சி ரெண்டு வருசமா அவ மொகத்துல முழிக்கல நானு. அவ புள்ளைக்குக் காது குத்தறதுக்குக்கூடப் போவல. நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுதான இருந்த? வாயத் தொறந்தியா?"

"ரேடியோ பாடலன்னா உங்கண்ணந்தான் கேலி பேசறான்..."

"ஓ! எங்கண்ணன் கேலிக்கு எங்கப்பன் தட்டா?"

முனிராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "யோவ், குடுத்தியா இல்லியா?"

"குடுத்தனுங்க." சென்னப்பன் தரையைப் பார்த்தான். "பாய் நல்லாத்தான் செஞ்சி குடுத்தாரு. இன்னும் பாடுது."

சப்-இன்ஸ்பெக்டர் வாசலுக்குப் போய் ஜீப்காரரிடம், "டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க. ஒண்ணுமில்ல, குடும்பத் தகராறு" என்று சொல்வது உள்ளே கேட்டது. திரும்பி வந்தவர் சுபானை நிமிர்ந்து பார்க்கவில்லை. "போர் முடியற வரைக்கும் அந்தச் சனியன ஓட்டாத" என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் சுபான் பெட்டிகளைத் தரையில் வைத்துவிட்டு அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அஸ்கரி தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை அவன் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. காற்றுப் பெட்டியின் வாய் திறந்து கிடந்தது. தகடு இன்னும் செல்லியிடம் இருந்தது.

"செல்லி, அத உனக்கே தந்துடறேன். வேற தட்டு கெடச்சதும் மாத்திட்டு..." என்று ஆரம்பித்தாள் அஸ்கரி.

"வேற என்னமோ மாட்டிக்க பாயம்மா. இது எனக்கு இன்னைக்கே வேணும்."

"ஓட்டையா போச்சேம்மா. சோறு போடக்கூட ஆவாது."

"சோறு போடறதுக்கா கேக்கறேன்?"

இண்டூர் பஸ் வந்தது. சென்னப்பன் ஏறி, பக்கத்தில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான். செல்லி திரும்பிப் பார்க்கவில்லை. அந்த பஸ் போய் வெகுநேரம் கழித்து வந்த கடத்தூர் பஸ்ஸில், நாத்தனார் ஊர்ப்பக்கம் போகும் பஸ்ஸில், தகட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஏறினாள்.