பேசாதவன் நின்ற இடம்

ஆசீருக்கு ஆண்டவர் நல்ல உயரத்தைக் கொடுத்தார், அகலமான தோளைக் கொடுத்தார். குரலைக் கொடுக்கும்போது மட்டும் அவர் வேறு ஏதோ யோசனையில் இருந்திருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய ஆம்பளைக்கு வாயைத் திறந்தால் கீச்சுக் குரல். "எங்கங்க போகணும்?" என்று அவன் கேட்டால், ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில் பெட்டியோடு நிற்கும் வெளியூர்க்காரர்கள்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பதில் சொல்வார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் அவனுக்குப் பெயர் விசில். வைத்தவன் கூட ஓட்டுகிற வளவன்.

ஆசீர் வையம்பட்டிக்காரன். கல்யாணமான கையோடு திருச்சிக்குப் பிழைக்க வந்தான். பாலக்கரைப் பக்கம் ஒரு சந்தில் அவனுக்கு வீடு பிடித்துக் கொடுத்து, பங்குக் கோயிலிலும் சேர்த்துவிட்டவர் அந்தச் சந்துப் பெரியவர் அற்புதசாமி. அந்த வீட்டில்தான் அவன் மனைவி லூர்துராணி ஜென்சியைப் பெற்றாள். வளர்த்து, படிக்க வைத்து, மணப்பாறையில் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. ஒரே மகள். ஆசீருக்கு உலகத்தில் அவளைத் தவிர வேறு பெருமை கிடையாது, பேசாதவன் வரும்வரை.

ஈஸ்டர் முடிந்த வாரம் கோயில் மைதானத்தில் ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போடுவார்கள். ஆசீர் தலைமைச் சீடர் இராயப்பர் வேஷம் கேட்டான். ஒத்திகையில் ஒரு வசனம் பேசினான். மற்றச் சீடர்கள் பதினொரு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாடக வாத்தியாருக்குப் பாவமாகிவிட்டது. உயரம் வீணாகக் கூடாதென்று அவனுக்காகவே ஒரு பாத்திரத்தை உண்டாக்கினார். அதுதான் பேசாதவன்.

பேசாதவன் வேதத்தில் இல்லாத ஆள். தலையிலிருந்து தரை வரை கறுப்பு அங்கி, முகமே தெரியாத முக்காடு. அவனுக்கு நிழல் விழாது. அவன் கடந்து போனால் விளக்கு மங்கும். யார் முன்னால் நின்று விரலை நீட்டுகிறானோ அவர்கள் சாவார்கள். யூதாஸ் முன்னால் நிற்பான், சிலுவையில் தொங்கும் இரண்டு கள்ளர்கள் முன்னால் நிற்பான். நிழல் விழாமல் இரண்டு பக்கமும் லைட் பிடிப்பது, சரியான நேரத்தில் மங்க வைப்பது எல்லாம் மைக்செட்காரர் வேலை. நாடகம் தொடங்கும்போது மைதானத்தின் கடைசியிலிருந்து, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே உள்ள வழியில் அவன் மேடைக்கு நடந்து வருவான். பறை மட்டும் ஒலிக்கும். வழியில் எங்கும் அவன் நிற்கக் கூடாது.

முதல் வருஷமே நின்றுவிட்டான். பூக்கட்டுகிற அக்கா ஒருத்தி முன்னால். அந்த மாசமே அந்த அக்கா போய்ச் சேர்ந்தாள். மறு வருஷம் ரிட்டையர்டு ரயில்வே கார்டு ஒருவர் முன்னால் நின்றான். அவரும் போனார். அதோடு கோயில் ஜனங்களிடையே பேச்சு கிளம்பியது. ஆசீருக்குள்ளே ஏதோ இறங்குகிறது என்றார்கள். அங்கி போட்டால் அவன் அவனில்லை என்றார்கள். ஃபாதர் பிரசங்கத்தில் திட்டிப் பார்த்தார். ஃபாதருக்கும் பயம்தான் என்று அதற்கும் ஒரு அர்த்தம் சொன்னார்கள்.

காரணம் ஆசீர் ஒருவனுக்குத்தான் தெரியும். லூர்துராணி தைத்த முக்காட்டில் கண்ணுக்குத் துவாரம் இல்லை. கீழே குனிந்தால் தரை தெரியும், அவ்வளவுதான். யாராவது வழியில் காலை நீட்டியிருந்தால் தடுக்கி விழாமல் இருக்க அவன் நின்றாக வேண்டும். வழியோரத்து நாற்காலியைக் கேட்டு வாங்கிக் காலை நீட்டி உட்காருகிறவர்கள் யார்? கிட்னி கெட்டவர்கள், இதயம் பழுதானவர்கள், கால் பந்தாக வீங்கிப்போனவர்கள். பூக்கட்டுகிற அக்காவும் அப்படி, கார்டும் அப்படி. இவன் நிற்காவிட்டாலும் போகப்போகிறவர்கள்தான்.

இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். பொண்டாட்டியிடம்கூட அவன் மூச்சு விடவில்லை. காலமெல்லாம் சிரிப்புப் பொருளாக இருந்தவனுக்கு, தன்னைக் கண்டதும் சந்தே வாயை மூடிக்கொள்வது தேனாக இனித்தது. ஸ்டாண்டில் ஒருநாள் முறையை மீறிச் சவாரிக்குப் போகப் பார்த்தான். "டேய் விசில், பின்னால போ" என்றான் வளவன். ஆசீர் ஆட்டோவை விட்டு இறங்கினான். வளவன் முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு சும்மா நின்றான். வளவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"விளையாடாதீங்க ஆசீர் அண்ணே. நீங்களே போங்க. வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு."

அண்ணே! அந்த ஒரு வார்த்தையை நினைத்து நினைத்து அவன் அன்றைக்கு முழுக்கச் சிரித்தான். அசிங்கமான சிரிப்பு. அதற்குப் பிறகு அவன் வீட்டிலும் அதிகம் பேசுவதில்லை. கோபம் வந்தால் லூர்துராணி முன்னால் போய் நிற்பான். அவள் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் ஓடுவாள். போன வருஷம்வரை வீட்டிலிருந்த ஜென்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

போன வருஷம் அற்புதசாமியின் மகன் ஸ்டீபன்ராஜ் வந்தான். கிழவர் படுத்த படுக்கையாக இருந்தார். பார்த்துக்கொள்ள முடியவில்லை, அவர் படுத்திருந்த அறையும் இவனுக்கு வேண்டியிருந்தது.

"அப்பா ரொம்பக் கஷ்டப்படுறாரு அண்ணே. நீங்க ஒருதரம் நின்னீங்கன்னா அவருக்கு விடுதலை கெடைக்கும். வழி ஓரமா உக்கார வைக்கிறேன்."

தனக்கு ஒரு சக்தியும் இல்லை என்று ஆசீருக்குத் தெரியும். தெரிந்தேதான் தலையாட்டினான். சும்மா நிற்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நாடகத்தன்று சாயங்காலம் கிழவரின் பாதங்கள் தெரிந்ததும் நின்றான். பறையும் நின்றது. விரலை நீட்டினான்.

"ஆசீரு, நாந்தான்ப்பா... என்னைய விட்டுட்டுப் போயிடுப்பா" என்று முக்காட்டுக்கு வெளியே குரல் கேட்டது. அவன் விரலை மடக்கவில்லை. மறுநாளிலிருந்து கிழவர் கஞ்சியைத் தொட மறுத்தார். சாகப்போகிறவனுக்கு எதற்கு என்றார். ஆடி பிறப்பதற்குள் ஸ்டீபன்ராஜுக்கு அறை கிடைத்தது.

கஞ்சி மறுத்த சேதி ஆசீர் காதுக்கும் வந்தது. மனிதனாக இருந்தால் அங்கியை அன்றைக்கே கொளுத்தியிருப்பான். அவனோ அதைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தான்.

இந்த வருஷம் ஜென்சி பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழு மாசம். "நீ வீட்டுலயே இரும்மா. அங்க கூட்டம் நெரியும்" என்று சொல்லிவிட்டு ஆசீர் கிளம்பினான். கல்யாணமானபின் அப்பா வேஷத்தைப் பார்க்கவே இல்லையே என்று அவளுக்கு ஆசை. அம்மாவை நச்சரித்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அவர்கள் வந்தபோது பொழுது சாய்ந்து மைதானம் நிரம்பிவிட்டது. காலியாகக் கிடந்தவை வழியோரத்து நாற்காலிகள் மட்டும்தான். அவற்றில் உட்கார இப்போது எவருக்கும் தைரியம் கிடையாது. அம்மா தடுத்தும், தன் அப்பாவுக்குத் தான் ஏன் பயப்பட வேண்டும் என்று ஜென்சி உட்கார்ந்தாள். கால் கடுத்தது, நீட்டிக்கொண்டாள்.

பறை ஒலித்தது. முக்காட்டுக்குள் ஆசீர் நடந்தான். அவன் இப்போது தடுக்கிவிடக் கூடாதென்று நிற்கிறவன் இல்லை. கூட்டம் எதிர்பார்க்கிறது, இந்த வருஷம் யாருமே அகப்படாமல் போய்விட்டால் மானம் போய்விடும் என்று, கால்களைத் தேடிக்கொண்டே வந்தான். பாதி தூரம் வந்துவிட்டான். ஒரு காலும் இல்லை. அப்புறம் தெரிந்தன, வீங்கிப் பளபளத்த இரண்டு பாதங்கள்.

மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை ஒளிக்க முடியாது, வந்தது. நின்றான். பறை நின்றது. கையை மெல்ல உயர்த்தி விரலை நீட்டினான். கூட்டம் ஓவென்று அலறியது. அப்புறம்தான் சதைக்குள் புதைந்திருந்த வெள்ளிக் கொலுசைப் பார்த்தான். பெரிய கடைத்தெருவில் மகளுக்காக அவனே தேடி வாங்கிய கொலுசு.

முக்காட்டைப் பிய்த்து எறிந்தான். "பொய்யி! எல்லாம் பொய்யி!" என்று கத்தினான். "எனக்கு ஒண்ணும் தெரியாது! உள்ளேருந்து பாத்தா தரை மட்டும்தான் தெரியும்! வீங்கின காலைப் பாத்துத்தான் நின்னேன்! வீங்கினவங்க செத்துப்போனாங்க, அவ்வளவுதான்!"

அந்தக் கீச்சுக் குரலைக் கேட்டு அன்றைக்கு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் ஜென்சியின் காலைப் பார்த்தார்கள். ஜென்சியும் பார்த்தாள்.

டாக்டர் சொன்னால் நம்புவாள் என்று அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம், கர்ப்பிணிகளுக்குக் கால் வீங்குவது சகஜம் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். லூர்துராணி அழுதுகொண்டே வந்தாள். வழியில் ஒரு கடையில் இளநீர் வாங்கிக் கொடுத்தான், ஜென்சி தொடவில்லை. அதைப் பார்த்ததும் அவனுக்குக் கிழவரின் கஞ்சி ஞாபகம் வந்தது.

"குடிம்மா. அப்பா கையெடுத்துக் கும்புடுறேன். நான் சொன்னது சத்தியம்மா."

"வீட்டுலயும் நின்னீங்களேப்பா. அம்மா முன்னால எத்தன தடவ நின்னிருக்கீங்க. பொய்யின்னா எதுக்கு நின்னீங்க?"

ஜென்சி வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"நீங்க வெரல நீட்டுனது எனக்கா, புள்ளைக்கா? எனக்குன்னா இருக்கட்டும். புள்ளைக்குன்னா எனக்கு மாத்தி விட்டுடுங்கப்பா" என்றாள்.