மாட்டு வண்டி முந்திய மோட்டார் கார்

பழைய காரில் கை வைக்கிறவன் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, தனக்கு முன்னால் அதில் யார் யார் கை வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். அது தெரியாமல் வேகம் கூட்டப் போய், இருந்த வேகத்தையும் தொலைத்துவிட்டு வீட்டில் பேச்சு வாங்கிய புண்ணியவான்களே, இது உங்களுக்காக. மதுரையில் ஒரு பட்டறையில் நான் மெக்கானிக்காக இருந்தபோது ஒரே ஒரு கார் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

பருத்திக்கொட்டைப் பந்தயம்

பெருமாள்சாமி அண்ணன் அலங்காநல்லூர்க்காரர், தோட்டம் துரவு உள்ளவர். ஒரு ஜமீன்தாரிடமிருந்து பட்டு வியாபாரிக்கும், பட்டு வியாபாரியிடமிருந்து இவருக்கும் கைமாறிய கார் அது. காற்றாய்ப் போகும் என்று ஊரெல்லாம் பெயரெடுத்த வண்டி. அந்த வண்டியைச் சந்தை நாளன்று, ஊரே பார்க்க, அவருடைய மச்சானின் ரேக்ளா மாடுகள் முந்திவிட்டன. மச்சான் சும்மா போகாமல், திரும்பிப் பார்த்துச் சாட்டையால் வழி வேறு காட்டினாராம்.

அன்றைக்கே பந்தயம் கட்டிவிட்டார்கள். பங்குனித் திருவிழாவுக்குப் போகையில் திருப்பரங்குன்றம் மலையடிவாரத்தை முதலில் தொடுபவர் ஜெயித்தவர். மச்சான் தோற்றால் ஒரு வருஷம் காரைக் கழுவ வேண்டும். அண்ணன் தோற்றால் ஒரு வருஷம் தினமும் காலையில் மச்சான் தொழுவத்துக்குப் போய், தன் கையாலேயே பருத்திக்கொட்டை ஆட்டி அந்த மாடுகளுக்கு வைக்க வேண்டும். வண்டியைப் பட்டறையில் கொண்டுவந்து விட்ட அண்ணன், "வாங்குன புதுசுல பறந்துச்சு" என்றும் சொன்னார். எல்லோரும் சொல்வதுதானே என்று நான் அதைக் காதில் வாங்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் கவலையெல்லாம் வேறு.

"தோத்தாக்கூடப் பரவால்ல தம்பி. அந்த மாடு ரெண்டும் என்னையப் பாக்குற பார்வையத்தான் தாங்க முடியாது."

பேசாத ஆட்கள்

பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் நான்கு தண்டவாளத் துண்டுகள் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தன. ரயில் மேல் கார் போகாது என்று தெரியும். கார் மேல் ரயில் போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு ஜமீன்தாரிடமே போய்க் கேட்டேன். பள்ளத்தில் விழுந்து எழுந்தால் பின்னால் தனியாக உட்கார்ந்திருப்பவருடைய தலை கூரையில் இடிக்குமாம். வண்டி துள்ளாமல் இருக்க, முதலில் தன் இரண்டு பக்கமும் தடியாக ஒவ்வொருத்தனை உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு ஏன் இரும்புக்கு மாறினீர்கள் என்றேன்.

"ஆளுன்னா வழி பூரா பேசுறான்யா. இரும்பு பேசாதுல்ல."

தறிச் சத்தம்

பாரத்தை இறக்கியும் வண்டி நடைதான் போட்டது. சைலன்சர் குழாய்க்குள் கம்பியை விட்டால் பாதியில் முட்டியது. குடைந்து எடுத்தேன், முறமளவு இரும்புச் சுருள். யாரோ திணி திணியென்று திணித்திருக்கிறார்கள். புகை போக வழியில்லாவிட்டால் எஞ்சின் மூச்சுத் திணறாமல் என்ன செய்யும்? போய்க் கேட்டதற்குப் பட்டு வியாபாரி கொஞ்சமும் மறைக்கவில்லை. பாவம், அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

"எங்க தெருவுல வீட்டுக்கு வீடு தறி ஓடுது தம்பி. அந்தச் சத்தத்துக்கு மேல இது வேற எதுக்குன்னு அடைச்சேன்."

காலுக்கு அடியில்

திருவிழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பானெட்டைத் திறந்து கையால் முடுக்கினால் எஞ்சின் உறுமுகிறது. உட்கார்ந்து ஓட்டினால் எருமைபோல் நகர்கிறது. கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றி மாட்டினேன். புதிதாகவே ஒன்று வாங்கிப் போடலாம் என்று அண்ணனிடம் சொல்லவும் வாயெடுத்துவிட்டேன். அண்ணன் அதற்குள் பருத்திக்கொட்டை எப்படி ஆட்டுவது என்று ஒருவரிடம் விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகை வராத குறை.

கீழே விழுந்த ஸ்பானரை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். ஆக்ஸிலேட்டர் மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை. எவ்வளவு மிதித்தாலும் கால்வாசிக்கு மேல் இறங்காது. புத்தம் புது வேப்பங்கட்டை, இழைத்த வாசனைகூடப் போகவில்லை. ஜமீனும் வியாபாரியும் விற்றுவிட்டுப் போய் வாரக்கணக்கில் ஆகிறதே என்று நான் தலையைச் சொறிந்தேன். அன்றைக்கு அண்ணனோடு பட்டறைக்கு வந்து, கைக்குழந்தையோடு முக்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய சம்சாரம் நிதானமாகச் சொன்னார்.

"அதத் தொடாதீங்க தம்பி, ஆசாரியக் கூப்பிட்டு நாந்தான் அடிக்கச் சொன்னேன். காரு வாங்குன மறுநா இவரு அமுக்குன அமுக்குல, புள்ளையோட நான் பின்னால உருண்டேன். எனக்கு இம்புட்டு வேகம் வேணாம், இவரு முழுசா வீடு வந்து சேந்தாப் போதும்."

மலையடிவாரம்

ஒரே ஒரு நாளைக்கு என்று அண்ணன் கெஞ்சி, கட்டையைக் கழற்ற அனுமதி வாங்கினார். தீர்ப்புச் சொல்ல இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆள் அந்த அக்காதான். ஒருவருக்குச் சம்சாரம், இன்னொருவருக்குக் கூடப்பிறந்த தங்கை. தீர்ப்புச் சொல்கிறவர் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும் என்பது அலங்காநல்லூரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கட்டை இல்லாத வண்டியில் ஏற மாட்டேன் என்று அவர் பிள்ளையோடு போய்த் தன் கூடப்பிறந்தவரின் மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

கார் பறந்தது. வைகைப் பாலத்தைத் தாண்டும்போது அண்ணன் சந்தோஷத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தொடையில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது. மலையடிவாரத்தில் ஆளுக்கு இரண்டு காபி குடித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்த பிறகுதான் மாட்டு வண்டி வந்தது. அக்கா இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, தீர்ப்பைச் சொன்னார். தான் வந்து பார்த்தபோது மலையைத் தொட்டது தன் கூடப்பிறந்தவரின் மாடுகள்தானாம். அதற்கு முன்னால் நடந்ததைத் தான் கண்ணால் காணவில்லையாம். நான் பார்த்தேன் அக்கா, நான் சாட்சி என்று பதறினேன்.

"கட்டையக் கழட்டுனவன் நீ. ஒன் சாட்சி செல்லாது தம்பி."

அன்றிலிருந்து பழைய கார் எது வந்தாலும், "வீட்டில் அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பானெட்டைத் திறக்கிறேன்.