'தினமும்' என்று அச்சான சீட்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆரணியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஓர் ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. நான் அங்கே ஒரு மெடிக்கல் கடையில் மருந்தாளுநர். அதுவரை எங்கள் கடை ஞாபகத்தில்தான் ஓடியது. எதை எதோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் முதலாளியின் தலைக்குள் இருந்தது. கொஞ்சம் என் தலைக்குள். ஒருநாள் அவர், "நாம ரெண்டு பேரும் காய்ச்சல்ல படுத்துட்டா கடைக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடு" என்றார்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி. பெயர், எத்தனை மில்லிகிராம், எப்படிச் சாப்பிட வேண்டும், எதோடு சேரக்கூடாது. பில் போட்டால் அந்த வரியிலிருந்தே தமிழில் ஒரு சீட்டு அச்சாகி வரும். அதைக் கவரில் ஒட்டிக் கொடுப்போம்.

மதியத்தில் கூட்டம் இருக்காது. அப்போதுதான் தட்டுவேன். வெளியே மழை. பின்தெருவிலிருந்து தறிச் சத்தம் மழைக்குள் நனைந்து, மெதுவாகி வரும். விரல்கள் அந்தத் தாளத்துக்குத் தாமாகவே ஓடும். நீளநீளமான மருந்துப் பெயர்கள் எங்கோ தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவதுபோலக் கேட்கும். விழித்திருக்கிறேனா, தூங்குகிறேனா என்றே தெரியாது. அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படி ஒரு புதன்கிழமை, ஏற்றியதையெல்லாம் மறுபடி பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு வரியில் கண் நின்றது. மெத்தோட்ரெக்ஸேட். மூட்டு வாதத்துக்கான மாத்திரை. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்கு நேராக 'தினமும் ஒன்று, இரவு சாப்பிட்ட பிறகு' என்றிருந்தது.

யார் இப்படி எழுதியது என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன். நான்தான். அதோடு சேர்த்துக் கொடுக்கிற வைட்டமின் மாத்திரையின் வரியை நகலெடுத்து, பெயரை மாற்றியிருக்கிறேன், அளவை மாற்றியிருக்கிறேன். 'தினமும்' அப்படியே தங்கிவிட்டது.

யாருக்காவது விற்றிருக்கிறோமா என்று தேடினேன். ஒரே ஒருவர். போன வெள்ளிக்கிழமை. ஒரு பெண் பெயர், ஊர் முள்ளிப்பட்டு. வழக்கமாக வாயாலும் சொல்லித்தான் கொடுப்பேன். அன்று கூட்டம். சீட்டில்தான் இருக்கிறதே என்று விட்டிருக்கிறேன். கைபேசி எண்ணைப் பார்த்தேன். ஒன்பது இலக்கம்தான் இருந்தது. ஒன்றைத் தட்டாமல் விட்டிருந்ததும் நான்தான்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது. "ஜல்தி கிளம்பும்மா. நான் டாக்டருக்குப் போன் போடுறேன்" என்றார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மழையிலேயே போனேன். கனவில் ஓடுவோமே, எவ்வளவு ஓடினாலும் இடம் நகராதே, அப்படி இருந்தது. முள்ளிப்பட்டில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே தறிச் சத்தம். எல்லா வாசலும் ஒன்றுபோலவே தெரிந்தது. பெயரைச் சொல்லிக் கேட்டால், "அந்தப் பேர்ல மூணு பேர் கீறாங்களே, யாரு வேணும்?" என்றார் ஒருவர்.

"மூட்டு வலிக்காரங்க."

"தறி நெய்யிறவங்கள்ல யாருக்கும்மா மூட்டு வலி இல்ல?"

மூன்றாவது வீட்டில்தான் அவர் இருந்தார். தறியில் அரை முழம் நெய்த மாம்பழ நிறச் சேலை அப்படியே நின்றது. பக்கத்தில் பாயில் அவர் படுத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நேத்துலேர்ந்து வாயெல்லாம் எரியுதும்மா. சோறு எறங்கல" என்றார்.

மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஐந்து மாத்திரை காலியாகியிருந்தது. "அக்கா, சீட்டுல தப்பா வந்துடுச்சி. தப்பு என்னோடது. இப்பவே டாக்டர்கிட்ட போகணும்" என்றேன்.

அவர் கணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "படிச்சவங்க செய்யிற வேலையா இது?" என்றார். ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு அந்த அக்கா சொன்னதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. "டாக்டரு வாரத்துக்கு ஒண்ணுன்னுதான் சொன்னாரு. எனக்கு நல்லா ஞாபகம் கீது. சீட்டுல தினமும்னு போட்டிருந்திச்சி. கம்ப்யூட்டர்ல வந்தது தப்பா இருக்குமா, நாமதான் சரியா கேக்கலபோலன்னு முழுங்கிகினு இருந்தேன்."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அணுக்கள் குறைய ஆரம்பித்திருந்தன. அதை முறிக்கும் மருந்து ஏற்றி, ஐந்து நாள் வைத்திருந்தார்கள். தினமும் போனேன். முதல் இரண்டு நாள் அவர் கணவர் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், அக்கா கஞ்சி குடித்துவிட்டார் என்று வாசலுக்கே வந்து சொன்னார். நான் சுவரோரமாகப் போய் நின்று அழுதேன்.

கடையில் அந்த வரியைத் திருத்தினேன். வாரம் ஒருமுறை சாப்பிடும் மருந்துகளுக்குக் கிழமையைத் தேர்ந்தெடுக்காமல் சீட்டே அச்சாகாதபடி கம்ப்யூட்டர்காரரிடம் மாற்றச் சொன்னோம். நான் ஏற்றும் ஒவ்வொரு வரியையும் முதலாளி படித்துப் பார்த்த பிறகுதான் சேர்ப்போம்.

ஒரு மாதம் கழித்து அந்த அக்கா கடைக்கு வந்தார். "என் பேரு அதுல எங்க கீது, காட்டுங்க" என்றார். திரையைத் திருப்பினேன். விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். வாரத்தில் ஒருநாள் மட்டும், வெள்ளிக்கிழமை. தலையாட்டினார். பிறகு விரல் ஓர் இடத்தில் நின்றது.

"எங்க ஊர் பேர்ல ஒரு ப் காணோம்மா."

பார்த்தேன். 'முள்ளிபட்டு' என்றிருந்தது. எத்தனையோ முறை அந்த வரியைப் பார்த்திருக்கிறேன், எங்கள் முதலாளியும் பார்த்திருக்கிறார். எங்கள் கண்ணில் படவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அந்த எழுத்தைச் சேர்த்தேன். "இப்ப சரி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் மருந்தைக் கையில் கொடுக்கும் முன், "டாக்டர் எப்படிச் சாப்பிடச் சொன்னாரு, நீங்க சொல்லுங்க" என்று முதலில் அவர்களைப் பேசவிட்டுக் கேட்கிறேன். அச்சில் வந்ததை நம்பித் தங்கள் ஞாபகத்தையே சந்தேகப்படுகிற மனிதர்கள் எதிரில் நிற்கும்போது, என் விரல் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும் என்ற பயம் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.