பௌர்ணமி முடியட்டும் என்று இருந்தவர்கள்

"கொள்ளி வச்ச கைதான் அப்பனைக் கொன்ன கை."

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அக்கா மணியம்மாள் சொன்னது இது. சுடுகாட்டிலிருந்து தலைமுழுகிவிட்டு ஈரத்துண்டோடு வந்து நின்ற தம்பி மண்ணாங்கட்டியைப் பார்த்து, சாவுக்கு வந்த சனம் மொத்தமும் கேட்கச் சொன்னாள்.

நடந்தது இவ்வளவுதான். நெல் அறுக்கையில் அப்பாவுக்குக் கெண்டைக்காலில் அரிவாள் வெட்டு. மறுநாள் காய்ச்சல். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக அவர்கள் குடியிருந்த அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு வண்டியையும் விடமாட்டார்கள். "பௌர்ணமி முடியட்டும், கூட்டிட்டுப் போலாம்" என்றான் மண்ணாங்கட்டி. இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காயம் பெரிசில்லை, மூச்சுதான் மோசம் என்றார்கள். சேர்த்த நாலாம் நாள் அப்பா இல்லை.

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு அவன் கீழ்பென்னாத்தூருக்குப் போனான். கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கினான். பெண்டாட்டியும் செத்துப்போனாள், பிள்ளை இல்லை. காலையில் பொங்கிய சோறுதான் ராத்திரிக்கும். மண்டிக்காரனைத் தவிர யாரும் போன் செய்வதில்லை. இங்கே மணியம்மாளும் தனிக்கட்டை. கட்டினவன் விட்டுப்போனதிலிருந்து கிரிவலப் பாதையில் சுக்குக் காப்பி விற்றாள். நடக்கிற சனம் நிற்கும், குடிக்கும், போகும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பஸ் தூரம். பதினோரு வருஷமாய் ஒருத்தரும் அந்த பஸ் ஏறவில்லை.

போன மாதம் அக்காவின் பக்கத்துக் கடை ராஜேந்திரன் போன் செய்தான். "உங்க அக்காவுக்கு சீரியஸ்பா. கால்ல ஆணி ஏறிடுச்சு. ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. சட்டுனு வா."

போனவனை டாக்டர் எழிலரசி நிறுத்திக் கேட்டாள். "உங்க வீட்டுல வேற யாருக்காவது இப்படி ஆயிருக்கா? எங்கயோ காயம், கடைசியில மூச்சு?"

"எங்கப்பா. அக்காவுக்கு அப்புறம், எனக்கு முன்னாடி பொறந்த ரெண்டும் ஜுரத்துல மூச்சு இழுத்துதான் போச்சு. எமன் சீண்டக் கூடாதுன்னுதாங்க எனக்கு இந்தப் பேரே."

அவள் எழுதிக்கொண்டாள். "கிருமி ரத்தத்துல கலந்தா சில பேருக்கு நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அதே கிருமி இன்னொருத்தரை விட்டுடும். பொறப்புலயே சில பேருக்கு அந்த ஆபத்து ஜாஸ்தி. உங்க குடும்பமும் அப்படித்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்கிறோம், இஷ்டம்னா குடுங்க."

"அப்போ எங்கப்பாவை அன்னிக்கே கொண்டாந்திருந்தா?"

"பொழச்சிருக்கலாம். பொழைக்காமயும் போயிருக்கலாம். லேட்டானது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன்."

அவனுக்கு அது போதும். இதை அக்கா காதில் போட்டு, அந்தப் பழியை அவள் வாயாலேயே திரும்ப வாங்க வைத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் குழாய் இறக்குவோம், அப்புறம் பேச வராது என்று நர்ஸ் அவசரப்படுத்தினாள்.

முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டிக் கிடந்தவள் கண் திறந்தாள். "இன்னாடா, வழி தெரிஞ்சுதா உனக்கு?"

"ஆணி ஏறின கால எத்தினி நாளு இப்படி வுட்டு வச்சிருந்த?" என்று அதட்டினான். வேறு மாதிரி பேச அவனுக்கு வராது.

"ரெண்டு நாளு." மூச்சு வாங்கினாள். "பௌர்ணமி யாவாரம்... முடியட்டும்னு..."

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். கொண்டுவந்த வழக்கு அவன் வாயிலேயே கரைந்துபோனது.

"அப்பாவுக்கு வந்ததும் இதேதானாம்க்கா. நம்ம ரத்தத்துலயே இருக்கலாமாம். எனக்கும் இருக்கலாமாம்" என்று மட்டும் சொன்னான்.

குழாய் இறக்கிய பிறகு அவள் பேசவே இல்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டாள். கொள்ளி அவன்தான் வைத்தான். ஆராய்ச்சிக்கு ரத்தமும் கொடுத்தான். பழைய சொல்லை அவள் திரும்ப வாங்கவில்லை. குழாய் இறக்குவதற்கு முன்னால் முகமூடியை ஒரு விரலால் தூக்கி அவனிடம் கேட்டுக்கொண்டது வேறு.

"உனக்கு ஜுரம், காயம், எது வந்தாலும் பௌர்ணமி கிவுர்ணமின்னு பாக்காத. அன்னிக்கே இங்க வந்துடு. கூட்டியாறத்துக்கு உனக்கு ஆளில்லடா. நீயே நடந்து வந்துடு."